தஸ்தயெவ்ஸ்கி போன ரயில் வழி: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது

"தஸ்தயெவ்ஸ்கி 1867இல் மனைவியோடு ஐரோப்பாவில் போன ரயில் வழியிலேயே இன்றும் போய்வர முடியுமா? கையில் மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?" கேட்கப்பட்ட கேள்வி இது.

முக்கால்வாசி முடியும். பீட்டர்ஸ்பர்கிலிருந்து பெர்லின் வரையிலான முதல் கால்வாசியை விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் டிரெஸ்டனில் ஏறி, டிரெஸ்டனிலேயே வந்து இறங்குங்கள். அவர் போன வழியே ஒரு பெரிய வட்டம்தான். டிரெஸ்டன், ஹோம்பர்க், பாடன்-பாடன், பாசல், ஜெனீவா, வெவே, மிலான், ஃபிளாரன்ஸ், பொலோனா, வெனிஸ், த்ரியெஸ்தே, வியன்னா, பிராக், மறுபடியும் டிரெஸ்டன். அவருக்கு இது இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்தது. உங்களுக்கு மூன்று வாரம் போதும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த யோசனை வந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய 1862 பயணத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஏனென்றால் அதற்கு அவரே ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். பெர்லின், டிரெஸ்டன், விஸ்பாடன், பாடன்-பாடன், கொலோன், பாரிஸ், லண்டன், லூசெர்ன், ஜெனீவா, ஜெனோவா, ஃபிளாரன்ஸ், மிலான், வெனிஸ், வியன்னா. மொத்தம் இரண்டரை மாதம்! அடுத்த ஆண்டு அதைப் பற்றி எழுதும்போது, இத்தனை ஊரையும் இவ்வளவு நாளில் ஒருவன் என்னத்தைப் பார்த்திருக்க முடியும் என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்கிறார். மழையிலும் மூடுபனியிலும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, தூக்கமில்லாமல், ஈரல் கோளாறோடு பெர்லினில் இறங்குகிறார். ஊர் பீட்டர்ஸ்பர்க் மாதிரியே இருக்கிறது என்று எரிச்சல் வருகிறது. கொலோன் தேவாலயம் மேசைமேல் வைக்கும் பொம்மை மாதிரி தெரிகிறது. (திரும்பி வரும் வழியில் அதனிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கத் தோன்றியதாம்.) அங்கே புதிதாகக் கட்டிய பாலத்தில் சுங்கக்காசு வாங்கியவன், 'பார்த்தாயா எங்கள் பாலத்தை' என்று தன்னை ஏளனமாகப் பார்த்ததாக இவருக்கு ஒரு நினைப்பு. 'போடா, நாங்கள் சமோவார் (தேநீர்க் கொதிகலன்) கண்டுபிடித்திருக்கிறோம்' என்று மனதுக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டுப் போகிறார். படிக்க அவ்வளவு வேடிக்கையான எழுத்து. ஆனால் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் உங்களுக்கும் ஈரல் கோளாறுதான் மிஞ்சும். போதாததற்கு லண்டனுக்குத் தனி விசா வேண்டும்.

1867 பயணம் வேறு மாதிரி. அது ஊர் பார்க்கப் போனதில்லை, ஓடிப்போனது. கல்யாணமாகி இரண்டு மாதம். வீட்டில் உறவினர் தொல்லை, வாசலில் கடன்காரர்கள். மனைவி அன்னா தன் சீதனமாக வந்த பியானோ, மேசை நாற்காலிகள் எல்லாவற்றையும் அடகு வைத்துப் பணம் புரட்டினார். ரஷ்ய நாள்காட்டிப்படி ஏப்ரல் 14 அன்று பீட்டர்ஸ்பர்கில் ரயில் ஏறினார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகத் திட்டம். திரும்பியது 1871 ஜூலையில்.

நாள் கணக்குப் பார்த்துப் போக விரும்பினால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்போது ரஷ்ய நாள்காட்டி ஐரோப்பாவுக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. அவருடைய கடிதங்களில் சிலவற்றில் இரண்டு தேதியும் இருக்கும், சிலவற்றில் ஒன்று மட்டும். அன்னாவின் நாட்குறிப்போடு ஒப்பிடும்போது இந்த 12 நாளை மறந்தால், பாடனில் இருக்க வேண்டிய மனிதர் டிரெஸ்டனில் இருப்பார். நான் முதலில் போட்ட அட்டவணை முழுக்க இப்படித்தான் பாழானது.

சரி, கிழக்குப் பகுதி ஏன் முடியாது? பீட்டர்ஸ்பர்க்–வார்சா பாதையில் வில்னா (இன்றைய வில்னியஸ்) வழியாக வந்து, அங்கிருந்து பிரியும் பாதையில் பிரஷ்ய எல்லைக்குப் போக வேண்டும். ரஷ்யப் பக்கம் வெர்ஷ்போலோவோ, பிரஷ்யப் பக்கம் எய்ட்குனென். ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் 1524 மி.மீ., ஐரோப்பாவில் 1435. எனவே எல்லையில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறியாக வேண்டும். இன்று வெர்ஷ்போலோவோ ஸ்டேஷன் இருந்த ஊர் லிதுவேனியாவின் கீபார்தாய். எய்ட்குனென், ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதியில் செர்னிஷெவ்ஸ்கோயே என்ற பெயரில் இருக்கிறது. பீட்டர்ஸ்பர்கில் ஏறி இந்த வழியாகப் பெர்லினில் இறங்க இன்று ரயில் கிடையாது. பீட்டர்ஸ்பர்கின் வார்சா ஸ்டேஷனையே 2001இல் மூடி, கடைகள் நிறைந்த வணிக வளாகமாக்கிவிட்டார்கள். அவருடைய 'அசடன்' நாவல் அந்த ஸ்டேஷனை நோக்கி வரும் ரயிலில்தான் தொடங்குகிறது. நவம்பர் கடைசி, பனி உருகும் ஈரக் காலை ஒன்பது மணி, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே மிஷ்கினும் ரகோஷினும். அந்தக் காட்சியை அவர் எழுதியபோது இருந்தது ஜெனீவாவில். ஆக, அந்த ரயிலைத் தேடுபவர்களும் ஜெனீவாவுக்குப் போனால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி என் முக்கியமான யோசனை. ஊர்களை வைத்துத் திட்டம் போடாதீர்கள், அவர் எங்கெங்கே மாட்டிக்கொண்டார் என்பதை வைத்துப் போடுங்கள். அவருடைய பயண அட்டவணையை முடிவு செய்தது ரயில்வே இல்லை. மாஸ்கோவில் 'ருஸ்கி வெஸ்த்னிக்' பத்திரிகை நடத்திய கத்கோவ் அனுப்பிய முன்பணம்தான். பணம் வந்தால் வாடகை பாக்கி தீரும், அடகு மீளும், டிக்கெட் வாங்கலாம். வராவிட்டால் அதே ஊரில், அதே அறையில், தினமும் தபால் நிலையத்துக்கு நடை. எந்த ஊரில் அவர் பணத்துக்காகக் காத்துக் கிடந்தாரோ அங்கே நீங்களும் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். அவர் வெறுமனே கடந்துபோன ஊர்களை நீங்களும் கடந்துபோய்விடலாம். ஹோம்பர்க் மட்டும் விதிவிலக்கு. சின்ன ஊர், அரை நாளில் முடிந்துவிடும்.

டிரெஸ்டனில் இரண்டு நாள். இப்போதைய தலைமை ஸ்டேஷன் 1898இல் கட்டியது. அவர் காலத்துப் பொஹீமிய ஸ்டேஷன் இருந்த அதே இடம். ஓவியக் கூடத்தில் ரஃபேலின் 'சிஸ்டைன் மடோனா' இருக்கிறது. அவருக்கு உலகத்திலேயே பெரிய ஓவியம் அதுதான். இங்கிருந்துதான் 1867 மே மாதம் சூதாடத் தனியாக ஹோம்பர்குக்கு ரயில் ஏறினார். நாலு நாளில் வருகிறேன் என்று போனவர் பத்து நாள் வரவில்லை. அன்னா அவரை எதிர்பார்த்து ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே இருந்தார். கடிகாரம் அடகுக்குப் போனது. திரும்பி வர அன்னா அனுப்பிய டிக்கெட் காசையும் ரூலெட் மேசையில் தோற்று, மன்னித்துவிடு, நீ அனுப்பியதையும் கடைசிக் காசு வரை விட்டுவிட்டேன் என்று கடிதம் எழுதினார். இன்று டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் வழியாக ஃப்ராங்க்ஃபர்ட், அங்கிருந்து புறநகர் ரயில் எஸ்5 பிடித்தால் பாட் ஹோம்பர்க். சூதாட்ட மன்றம் இன்றும் நடக்கிறது. உள்ளே போக ஆசையிருந்தால் பாஸ்போர்ட் எடுத்துப்போங்கள், திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்து பாடன்-பாடன். இங்கே குறைந்தது இரண்டு இரவு. 1867 ஜூலை 4 முதல் ஆகஸ்ட் 23 வரை, ஐரோப்பியத் தேதிப்படி ஏழு வாரம், அவர்கள் இங்கே கிடந்தார்கள். முழுப் பயணத்திலும் மோசமான ஏழு வாரம் இதுதான்.

ரயிலில் வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று 'பாடன்-பாடன்' என்று பலகை வைத்திருக்கும் ஸ்டேஷன் உண்மையில் ஓஸ் என்ற பழைய சந்திப்பு. அங்கிருந்து ஊருக்குள் போன கிளைப்பாதையை 1977இல் மூடிவிட்டார்கள். ஊருக்குள் இருந்த பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது விழா அரங்கத்தின் முகப்பு; ஒரு காலத்தில் டிக்கெட்டுக்கு வரிசை நின்ற கூடத்தைத் தாண்டித்தான் கச்சேரிக்குப் போக வேண்டும். அந்தக் கட்டடமும் 1890களில் வந்தது, அவர் பார்த்ததில்லை. இடம் மட்டும்தான் அவருடையது. ஓஸிலிருந்து ஊருக்கு அடிக்கடி பேருந்து உண்டு. ஒரு தடவையாவது நடந்து போங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். பழைய கிளைப்பாதை எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று நடக்க நடக்கப் பிடிபடும்.

அவர்கள் குடியிருந்தது ஒரு கொல்லன் பட்டறைக்கு மேலே. அதிகாலை நாலு மணிக்கே சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிடும். கர்ப்பிணியான அன்னாவின் காதணி, மார்பு ஊசி, உடைகள், கடைசியில் இருவரின் கல்யாண மோதிரங்கள் வரை அடகுக்குப் போயின. பேடர் தெருவில் அந்த வீட்டின்மேல் இன்று அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. அங்கிருந்து சூதாட்ட மன்றத்துக்கு நடந்து பாருங்கள். ஒரே நாளில் அந்த வழியாக அவர் எத்தனை முறை ஓடியிருப்பார்! ஒவ்வொரு முறையும் அடகுக்கடையைத் தொட்டுக்கொண்டு. இன்னொரு ரஷ்ய நாவலாசிரியரான துர்கனேவோடு பெரிய சண்டை நடந்ததும் இந்த ஊரில்தான். அதே ஆண்டு வெளிவந்த துர்கனேவின் 'புகை' நாவலும் இதே ஊரில் நடப்பது. அதன் நாயகன் கடைசியில் ரயிலேறிப் போகும்போது, இன்ஜின் புகையைப் பார்த்து எல்லாமே புகை என்று நினைப்பான். ஓஸ் ஸ்டேஷன் நடைமேடையில் படிக்கத் தோதான பக்கங்கள்.

பாடனிலிருந்து பாசலுக்கு ரைன் பள்ளத்தாக்கு வழியாக நேராக வண்டி. ஒரு பக்கம் கருங்காடு, மறுபக்கம் தூரத்தில் வோஸ்ஜ் மலைகள். வழி அன்றிருந்த வழிதான். ஆனால் பாசலில் இன்று நீங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து ரைனைத் தாண்டிவிடலாம், அவரால் முடியாது. ஜெர்மன் பக்கத்துப் பாடன் ஸ்டேஷனையும் சுவிஸ் பக்கத்து ஸ்டேஷனையும் இணைக்கும் பாதை 1873இல்தான் வந்தது. 1867இல் வந்தவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இறங்கி, ஊரைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் போய் வேறு ரயில் ஏற வேண்டும். இப்படி வண்டி மாறும் இடைவெளியில் ஒரு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில்தான் அருங்காட்சியகத்துக்குப் போய் ஹோல்பைனின் 'இறந்த கிறிஸ்து' ஓவியத்தைப் பார்த்தார்.

இரண்டு மீட்டர் நீளம், முப்பதே சென்டிமீட்டர் உயரம். சவப்பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே பார்ப்பதுபோல ஒரு பிணம். அன்னாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, வேறு அறைகளுக்குப் போய்விட்டார். இருபது நிமிடம் கழித்து வந்தால் கணவர் அதே இடத்தில் அசையாமல் நிற்கிறார். வலிப்பு வரப்போகிறதோ என்று பயந்து இழுத்துக்கொண்டு போனார். இன்னும் கிட்டத்தில் பார்க்க அவர் நாற்காலிமேல் ஏறியதாகவும், இங்கே எதற்கெடுத்தாலும் அபராதமாயிற்றே என்று தனக்கு நடுக்கம் எடுத்ததாகவும் நாட்குறிப்பில் இருக்கிறது. 'அசடன்' படித்தவர்களுக்கு ரகோஷின் வீட்டுக் கதவுக்கு மேலே தொங்கும் படம் நினைவிருக்கும். ஓவியம் இன்றும் பாசல் கலை அருங்காட்சியகத்தில், பிந்தைய கட்டடம் ஒன்றில் இருக்கிறது. பாசலில் ஜெர்மன் ரயில்வேயே நடத்தும் பாடன் ஸ்டேஷனில் இறங்கி, ரைன் பாலத்தில் நடந்து, ஓவியத்தைப் பார்த்துவிட்டு, சுவிஸ் ஸ்டேஷனில் ஜெனீவா வண்டியைப் பிடியுங்கள். மொத்த வழியிலும் அவருடைய நாளுக்கு ஆகக் கிட்டத்தில் போகக்கூடிய நாள் இதுதான். திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அருங்காட்சியகம் விடுமுறை.

ஜெனீவாவில் மூன்று இரவு. அவருக்கு அந்த ஊர் துளியும் பிடிக்கவில்லை. 'பீஸ்' என்ற வடகாற்றைத் திட்டாத கடிதமே இல்லை என்று சொல்லலாம். கோர்னவன் ஸ்டேஷனில் இறங்கி ஏரியை நோக்கிப் போகும் மோன் பிளான் தெருவில் 16ஆம் எண் வீட்டில் இருந்தார்கள். முதல் மகள் சோஃபியா 1868 மார்ச் 5 அன்று பிறந்தாள், மே 24 அன்று சளிக்காய்ச்சலில் போய்விட்டாள். பிளான்பலே இடுகாட்டில் அவளுக்கு ஒரு கல் இருக்கிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேயின் கல்லறையும் அதே இடுகாட்டில்தான். அதைத் தேடி வருபவர்கள் பலர் இந்தச் சின்னக் கல்லைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

இந்த ஊரிலிருந்து ஒரு நாள் சாக்ஸோன் போய் வாருங்கள். ரோன் பள்ளத்தாக்கில் சின்ன ஊர், ஆப்ரிகாட் தோட்டங்கள். சுவிட்சர்லாந்தில் சூதாடக் கிடைத்த இடம் அது. ஜெனீவாவில் இருந்தபோது மூன்று முறை ரயிலேறிப் போனார். மூன்று முறையும் தோற்றார். 1867 நவம்பரில் மோதிரமும் குளிர்கால மேலங்கியும் அடகுக்குப் போயின. அந்தச் சூதாட்ட மன்றக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஏரிக்கரையோரம் ஓடும் அந்த ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள். வெவே வழியில்தான் இருக்கிறது. மகள் இறந்தபிறகு ஜெனீவாவில் இருக்கப் பிடிக்காமல் அவர்கள் கப்பலில் அங்கே போனார்கள், நீங்களும் கப்பலில் போகலாம்.

'அசடனில்' லெபெதெவ் என்ற பாத்திரம், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் நீரைக் கசப்பாக்க விழும் நட்சத்திரம் ஐரோப்பா முழுக்கப் பரவும் ரயில் பாதைகள்தான் என்று வியாக்கியானம் செய்வான். இந்த வண்டிகளில் போய்வந்துகொண்டிருந்தவர் எழுதியது என்று தெரிந்தபிறகு அந்த இடம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

1868 செப்டம்பரில் இத்தாலிக்குப் போனது ரயிலில் இல்லை. கொத்தார்ட் சுரங்கம் 1882இல், சிம்ப்ளோன் சுரங்கம் 1906இல்தான் வந்தன. அஞ்சல் குதிரை வண்டியில் சிம்ப்ளோன் கணவாயைத் தாண்டினார்கள். ஏற்றத்தில் வண்டியைவிட்டு இறங்கி, குறுக்குப் பாதையில் பூப்பறித்துக்கொண்டு நடந்ததாக அன்னா எழுதுகிறார். எனவே பிரிக் ஸ்டேஷனில் ரயிலை விட்டுவிட்டு மஞ்சள் அஞ்சல் பேருந்தில் கணவாய் வழியாக தோமோதோசொலா போங்கள். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் வைத்திருந்தாலும் இதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். சுரங்கத்தில் போனால் வேகமாகப் போய்விடலாம், ஆனால் எதையும் பார்க்க மாட்டீர்கள்.

இத்தாலியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிலானில் தேவாலயத்தின் கூரைமேல் ஏறுங்கள், அவர் ஏறினார். ஃபிளாரன்ஸில் பித்தி மாளிகைக்கு எதிரே, 22ஆம் எண் வீட்டில் நினைவுப் பலகை இருக்கிறது. 'அசடன்' முடிந்தது அங்கே, 1869 ஜனவரியில். வியூஸோ நூலகத்தில் ரஷ்யப் பத்திரிகைகள் கிடைத்ததால் தினமும் அங்கே போவார். கோடை வெயிலில் பணத்துக்காகக் காத்திருந்து வெந்து, பிறகுதான் கிளம்பினார்கள். உங்களுக்கு இங்கே இரண்டு இரவு. இத்தாலியின் வேக ரயில்களில் பாஸோடு முன்பதிவுக் கட்டணமும் உண்டு, அவசரமில்லையென்றால் சாதாரண வண்டிகளே போதும். பொலோனாவில் ரஃபேலின் 'செயின்ட் செசிலியா'வை ரயில் மாறும் நேரத்தில் பார்க்கலாம். வெனிஸ் உங்கள் இஷ்டம்.

த்ரியெஸ்தேயிலிருந்து வியன்னாவுக்கு லுப்ளியானா, கிராஸ், செம்மரிங் வழியாக வாருங்கள். 1854இல் திறந்த செம்மரிங் மலைப்பாதை இன்றும் அதே வளைவுகளோடு, அதே கல் பாலங்களோடு ஓடுகிறது. கீழே நீண்ட சுரங்கம் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அது திறந்தால் விரைவு வண்டிகள் மலைக்கு மேலே வராது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

வழியெல்லாம் பழைய ஸ்டேஷன்களைத் தேடி ஏமாந்தவர்களுக்கு பிராக்கில் ஒரு பரிசு இருக்கிறது. மிலான், ஃபிளாரன்ஸ், வெனிஸ், ஜெனீவா எல்லாமே இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். வியன்னாவின் தெற்கு ஸ்டேஷனே இன்று இல்லை. ஆனால் பிராக்கின் மசாரிக் ஸ்டேஷன் 1845இல் திறந்தது, இன்னும் வண்டிகள் ஓடுகின்றன. 1869இல் வியன்னாவிலிருந்து பிராக் வருபவர்களுக்கும் பிராக்கிலிருந்து டிரெஸ்டன் போகிறவர்களுக்கும் அதுதான் ஸ்டேஷன். பிராக்கில் குடும்பத்தோடு தங்க வாடகைக்கு அறை தேடி, மூன்று நாளில் அலுத்து, அங்கிருந்து டிரெஸ்டனுக்கு வண்டி ஏறினார்கள். இன்று டிரெஸ்டன் வண்டிகள் தலைமை ஸ்டேஷனிலிருந்து போகின்றன. நடந்தால் பத்து நிமிடம்தான், மசாரிக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். அப்புறம் எல்பே ஆற்றை ஒட்டியே வண்டி போகும்.

கடைசியில் ஒரு நாள் மிச்சமிருந்தால், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் விஸ்பாடனில் இறங்குங்கள். 1865இல் ஐந்தே நாளில் எல்லாவற்றையும் தோற்று, விடுதிக்காரர் சாப்பாடு தர மறுத்து, தேநீரில் நாளை ஓட்டிக்கொண்டே 'குற்றமும் தண்டனையும்' எழுதத் தொடங்கிய ஊர். 1871 ஏப்ரலில் டிரெஸ்டனிலிருந்து மறுபடி இங்கே வந்து கடைசியாகத் தோற்றார். இரவில் ரஷ்யப் பாதிரியாரைத் தேடி இருட்டுச் சந்துகளில் ஓடி, ரஷ்யக் கோயில் என்று நினைத்து ஒரு கட்டடத்தின் முன்னே போய் நின்றார். அது யூதர்களின் தொழுகைக்கூடம் என்று தெரிந்ததும் தலையில் குளிர்ந்த நீர் ஊற்றியதுபோல் இருந்ததாம். அதோடு சூதாட்டத்தை விட்டார். மிஷெல்ஸ்பெர்க் தெருவில் இருந்த அந்தக் கட்டடத்தை 1938இல் நாஜிகள் அழித்தார்கள், இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது.

அன்று டிரெஸ்டனுக்குத் திரும்பியவர் மூன்று மாதத்துக்குள் ரஷ்யா கிளம்பினார். எல்லையில் சோதனை கடுமையாக இருக்கும் என்று பயந்து 'அசடன்' கையெழுத்துப் படிகளைத் தீயில் போட்டார். வெர்ஷ்போலோவோவில் எல்லோரையும் விட்டுவிட்டு இவர்களுடைய பெட்டிகளை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தார்கள். பீட்டர்ஸ்பர்க் வண்டி புறப்படும் நேரம். இன்னும் இரண்டு வயது நிறையாத மகள் லியூபா பசி தாங்காமல் "அம்மா, ரொட்டி" என்று அழத் தொடங்கினாள். அழுகை பொறுக்காமல் அதிகாரிகள் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்து, போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.